அலைந்த ஸ்டீயரிங்: பழைய மாருதி 800-உடன் என் அனுபவம்

பழைய காரின் ஸ்டீயரிங் ஹைவேயில் அலைகிறது என்று சொன்னால், நான் போன பட்டறைகளில் முதலில் கிடைத்த பதில் ஒன்றுதான்: "அலைன்மென்ட் பாத்துடலாம் சார்." பார்த்தார்கள். வெவ்வேறு இடங்களில் பார்த்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் சக்கரங்களின் கோணங்களை அளந்து ஒரு தாளை அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். வண்டி மட்டும் அப்படியே அலைந்தது.

என்னுடையது 2004 மாடல் மாருதி 800, டிஎன் 23 (வேலூர்) பதிவு. இன்ஜின், மைலேஜ் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, அவை ஊருக்கே தெரிந்தவை. சென்ற வாரம் சஸ்பென்ஷன் வேலை முடிந்து வண்டி கைக்கு வந்தது. அந்த ஸ்டீயரிங் சங்கதியைத்தான் சொல்ல வேண்டும்.

சென்னை–பெங்களூரு சாலையில் பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூர் பக்கம் போகும்போது கண்டெய்னர் லாரி ஒன்று முந்தினால் 800 கொஞ்சம் அசையத்தான் செய்யும். சுமார் 650 கிலோ எடையுள்ள வண்டி காற்றுக்கு அசைவதைக் குறை என்று சொல்ல மாட்டேன். என் வண்டியில் இருந்தது வேறு. காற்றே இல்லாத நேரத்தில், நேரான சாலையில், தானாக இடது பக்கம் நகரும். திருப்பிப் பிடித்தால் நடுவில் நிற்காமல் வலது பக்கம் போய்விடும். மறுபடி இந்தப் பக்கம். வேலூரிலிருந்து வாணியம்பாடி போய்ச் சேருவதற்குள் தோள் இரண்டும் கடுத்துவிடும். இன்னொன்றும் இருந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு பக்கம் இழுக்கும், பிரேக்கைத் தொட்டால் எதிர்ப்பக்கம் இழுக்கும். கூடவே முன்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

இதைப் போன இடமெல்லாம் சொன்னேன். ஜாப் கார்டில் யாரும் எழுதவில்லை. 'அலைன்மென்ட், பேலன்சிங்' என்று மட்டும் எழுதினார்கள். என் கோபமெல்லாம் இங்கேதான். வியாதியைப் பாதிக்கு மேல் சொல்லிவிடக்கூடிய அடையாளம் அது. அழுத்தும்போது ஒரு பக்கம், பிரேக்கில் மறுபக்கம் என்றால் ஏதோ ஒரு சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். அதை எந்த அலைன்மென்ட்டும் சரி செய்யாது.

800-இன் முன் சக்கரங்களில் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் மாற்ற முடியும். கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) காஸ்டரும் பாடியும் பாகங்களும் தீர்மானிப்பவை, அவற்றைத் திருக ஸ்க்ரூ கிடையாது. ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்தான் காஸ்டர். திரும்பிய சக்கரத்தை நேருக்குக் கொண்டுவருவதும், நேராக ஓடும்போது அலையாமல் பிடித்து வைப்பதும் பெரும்பாலும் அதன் வேலை. எனக்குக் கொடுத்த தாளில் டோ பச்சை நிறத்தில், அதாவது சரியான அளவில் இருந்தது. இடது காஸ்டரும் வலது காஸ்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அதுவும் அதே தாளில் அச்சாகியிருந்தது. மாற்ற முடியாத எண் என்பதால் அதை யாரும் படிக்கவில்லை. மாற்ற முடியாத எண் மாறியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்க வேண்டும், இல்லை வளைந்திருக்க வேண்டும். இதைக்கூடப் பார்க்காமல் பணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு பட்டறையில் இதைவிட மோசமான வேலை நடந்தது. ஸ்டீயரிங்கில் ப்ளே (சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடும் இடைவெளி) இருக்கிறது என்று ராக்கில் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்டம்) உள்ள அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை இறுக்கிக் கொடுத்தார்கள். ப்ளே குறைந்தது உண்மை. அப்புறம் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் திரும்பினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது நின்றுபோனது, கையால் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. ராக் இறுகினால் நேர்ச்சாலையிலும் அலைச்சல் கூடும், ஏனென்றால் சின்ன திருத்தத்துக்குக்கூட ஸ்டீயரிங் முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று விடும். திரும்பப் போய்ச் சொன்னதற்கு, முழு ராக்கையும் மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆரணி ரோட்டில் ஒரு சின்ன பட்டறை. அங்கிருந்த வயதான மெக்கானிக் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார், ஓட்டியும் பார்த்தார். வந்ததும் முதலில் டயர் காற்றைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் டயரைக் குறுக்காகத் தடவினார். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் கூராகவும் இருந்தால் டோ கெட்டிருக்கும், மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்றார். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினோம். இழுப்பு பக்கம் மாறவில்லை. ஆக, டயர் காரணமில்லை.

"ஜாக்கி வேணாம்டா, மொதல்ல தரையிலயே பாப்போம்" என்று பையனை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தார். சக்கரம் திரும்பாத அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே படுத்து டை ராட் எண்ட் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை ஜாயின்ட்) ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்துப் பார்த்தார். தேய்ந்த ஜாயின்ட்டைக் கண் காட்டாது, விரல் காட்டிவிடும். அவை நன்றாக இருந்தன. அப்புறம்தான் ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியதில் வலது பக்கம் லேசான ஆட்டம் தெரிந்தது. பையனை பிரேக்கை அழுத்தச் சொன்னார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட். எங்களுக்கு நிற்கவில்லை.

கடைசியாக லீவர் கம்பியை எடுத்து இடது லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) ஸ்டெபிலைசர் பாருக்கும் நடுவில் வைத்து நெம்பினார். ஆர்ம் முன்னும் பின்னும் போய் வந்தது. 'டக்.' நான் சொல்லிக்கொண்டிருந்த அதே சத்தம்.

800-இல் அந்த ஸ்டெபிலைசர் பாருக்கு இரண்டு வேலை. திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிப்பது ஒன்று. அதன் முனை லோயர் ஆர்முக்குள் புகுந்து நட்டில் முடிவதால், சக்கரம் முன்பின் நகராமல் பிடித்திருப்பதும் அதுதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ரப்பர் புஷ். கழற்றிப் பார்த்தபோது ஓட்டை நீளவாக்கில் தேய்ந்து, ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இருபது ஆண்டு வேலூர் வெயிலும், ஊர் முழுக்க இருக்கும் வேகத்தடைகளும் சேர்ந்து செய்த வேலை. வண்டியின் மேல் எனக்கு வருத்தமில்லை. புஷ்ஷின் விலை சில நூறு ரூபாய்தான்.

இரண்டு பக்கமும் புஷ், பால் ஜாயின்ட்டோடு சேர்ந்து வரும் வலது லோயர் ஆர்ம், ஆயில் கசிந்துகொண்டிருந்த முன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்) ஜோடி, இவ்வளவையும் மாற்றினோம். ராக் ஸ்க்ரூவைப் பழைய நிலைக்குத் தளர்த்தினார். ஆர்ம் புஷ் போல்ட்களை ஜாக்கியில் தூக்கிவைத்து இறுக்க அவர் விடவில்லை, வண்டியைத் தரையில் இறக்கி அதன் எடை சக்கரங்களில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார். தூக்கிய நிலையில் இறுக்கினால், இறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். எல்லாம் முடிந்த பிறகே அலைன்மென்ட்டுக்கு அனுப்பினார். இரண்டு காஸ்டரும் இப்போது ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன.

அதன் பிறகு ஏலகிரி ஏறினேன். 14 கொண்டை ஊசி வளைவிலும், திருப்பி முடித்துக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் விரல்களுக்குள் வழுக்கிக்கொண்டு தானாகவே நேருக்கு வந்தது. பவர் ஸ்டீயரிங் இல்லாத ஸ்டீயரிங், 145 அளவு ஒல்லி டயர். தாரில் பெயர்ந்த ஜல்லிகூடக் கைக்குத் தெரிகிறது. இந்த உணர்வை நான் ஓட்டிய எந்தப் புது வண்டியும் தரவில்லை, அதை அடித்தே சொல்வேன்.

மகள் ஓட்டிப் பழக 800 வாங்கலாமா என்று குடியாத்தத்து நண்பர் ஒருவர் இந்தச் சமயம் பார்த்துக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டி நல்ல வண்டி. அதைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கடையில் கிடைக்கும் புஷ்களிலும் பல, அழுத்தினால் அமுங்காத அளவுக்குக் கட்டியாக இருக்கின்றன. காரோட்டப் பழகும் பெண் அலையும் ஸ்டீயரிங்கோடு ஹைவேயில் ஏறக் கூடாது. அவர் கேட்கவில்லை, விலை பேசிக்கொண்டிருக்கிறார். சரி, குறைந்தது பணம் கொடுக்கும் முன் அந்த லோயர் ஆர்மை நெம்பிப் பாருங்கள், பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் புஷ்ஷையும் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவை தேய்ந்தால் பின்பக்கம் தானே திரும்பும், முன்னால் என்ன மாற்றினாலும் அலைச்சல் நிற்காது. என் வண்டியில் அடுத்து அந்த வேலைதான்.