பெயரில்லாத பொடியும் என் வான்கோழிகளும்

பினாங்குப் பெருநிலத்தில், குறிப்பாக சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம் வீட்டுக்குப் பின்னால் வான்கோழி வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். தீபாவளிக்கு விற்க வைத்திருந்த சேவல்களில் பாதி போய்விட்டன. நோய் வந்தது யார் குற்றமும் இல்லை. ஆனால் தீவனக்கடைக்காரர் செய்தது அநியாயம்.

காலையில் நன்றாகத் தின்ற சேவல் சாயங்காலம் செத்துக் கிடந்தது. இன்னொன்று தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. அலகுக்கு மேல் தொங்கும் சதை வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் கறுத்திருந்தது. படம் எடுத்துக் கடையில் காட்டினேன். கல்லாவை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "கழிச்சல்தான் தம்பி, இதைத் தண்ணியில கலந்து வைங்க" என்றார். ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பையில் மஞ்சள் பொடி. கம்பெனிப் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. மார்க்கரில் 'நியோ' என்று ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். 60 வெள்ளி. அப்புறம் இலவசமாக ஒரு யோசனை வேறு: "சாகுற மாதிரி இருந்தா அறுத்துடுங்க, கறி வீணாகக் கூடாது."

அப்படி அறுத்ததில்தான் மாமா விரலில் எலும்பு குத்தியது. விரல் ஊதாச் சிவப்பாக வீங்கி, எரிச்சலில் தூக்கமில்லை. கிளினிக் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "மீனா, கோழியா, பன்றியா, எதைத் தொட்டீங்க?" பென்சிலின் கொடுத்தார்.

செத்த சேவலைக் கால்நடைச் சேவைத் துறைக்குக் கொண்டுபோனோம். மண்ணீரல் வீங்கியிருந்தது. எரிசிபெலோத்ரிக்ஸ் ருசியோபதியே என்ற பாக்டீரியா என்று லேப் முடிவு வந்தது. சேவல்கள் கொத்திக்கொள்ளும் காயம் வழியாக உள்ளே போகுமாம். மாமா விரலிலும் எலும்பு குத்திய காயம் வழியாக இதுதான் புகுந்திருக்க வேண்டும். பையில் எழுதியிருந்த 'நியோ' நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்தான் என்று வைத்துக்கொண்டாலும், இந்தக் கிருமி அதற்கு இயல்பிலேயே அசையாது. சல்பா மருந்துக்கும் அப்படித்தான். கேட்பது பென்சிலினுக்கு. ஊசி போட்டபின் மிச்சமிருந்தவை பிழைத்தன.

முடிவைக் கடைக்காரரிடம் நீட்டினேன். "அது பன்னிக்கு வர்ற சீக்கு, கோழிக்கு எங்க வரும்?" என்று சிரிக்கிறார். பன்றிக்கு வரும், உண்மை. தோலில் சாய்சதுரமாகச் சிவந்த தடிப்பு எழும். ஆனால் வான்கோழி, வாத்து, கோழி, ஆடு என்று எதையும் விடாத கிருமி இது. பணமும் திரும்பவில்லை, பையில் இருந்தது என்ன மருந்து என்பதற்கு நேரான பதிலும் இல்லை. அந்தப் பொடி இன்னும் அதே அலமாரியில் இருக்கிறது.

திடீரென்று சாவு விழுந்தால் பொடி தேடாதீர்கள். கையுறை போட்டு, செத்ததைப் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் மட்டும் போட வேண்டாம், உறைந்துவிட்டால் உள்ளுறுப்புகளைப் பார்ப்பது அவர்களுக்குச் சிரமம்.