கல்லூரியா, உள்ளூர் கிளப்பா, ஐரோப்பாவா? 18 வயது பிலிப்பைன்ஸ் கால்பந்து வீரனின் முன்னால் உள்ள வழிகள்

2024 டிசம்பர் 18, மணிலாவின் ரிசால் மெமோரியல் மைதானம். தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் சாம்பியன்ஷிப்பில் வியட்நாமுக்கு எதிராக இரண்டாம் பாதியில் பிலிப்பைன்ஸின் ஜார்வி கயோசோ ஒரு கோல் போட்டார். 90 நிமிடம் தாண்டி வியட்நாம் சமன் செய்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து அதே செயற்கைப் புல்லில் அரையிறுதியின் முதல் ஆட்டம், எதிரில் தாய்லாந்து. இந்த முறை முதல் கோல் சாண்ட்ரோ ரேயஸுடையது. கடைசி நிமிடங்களில் கீகே லினாரெஸ் இன்னொன்று போட, ஆட்டம் 2-1 என்று முடிந்தது. தாய்லாந்தை பிலிப்பைன்ஸ் தோற்கடித்தது 1972க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

அன்று கயோசோவுக்கு வயது 27, ரேயஸுக்கு 21. இருவருமே பிலிப்பைன்ஸின் கயா கிளப்பின் சட்டையைப் போட்டவர்கள். ஆனால் அங்கே வந்து சேர்ந்த வழி வேறு, வந்தபோது இருந்த வயதும் வேறு. கால்பந்தில் ஆறு வருடம் என்பது பாதி வாழ்க்கை. அந்த ஆறு வருடம் எங்கே போனது என்று தேட ஆரம்பித்ததில்தான் இந்த ஒப்பீடு பிறந்தது.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று. 18 முதல் 22 வயது வரை ஒரு பையன் வருடத்துக்கு எத்தனை ஆட்டம் புள்ளிக்காக ஆடுகிறான்? சம்பளம், புகழ், பயிற்சி வசதி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் கல்லூரி. கூடைப்பந்து கோலோச்சும் நாட்டில் கால்பந்துக்குக் கூட்டம் சேரும் சில இடங்களில் யு.ஏ.ஏ.பி. எனும் பல்கலைக்கழக லீக்கும் ஒன்று. அட்டெனியோ, லா சால், ஃபார் ஈஸ்டர்ன், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் என்று 8 அணிகள் ஆடிய லீக் அது. கயோசோ அட்டெனியோவின் நாயகன். அந்த அணி 2017லும் 2019லும் பட்டம் வென்றபோது முன்வரிசையில் நின்றவர். அவருடைய தாத்தா எட் பச்செகோ கால்பந்து, கூடைப்பந்து இரண்டிலும் நாட்டுக்காக ஆடியவர். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த பையனும் முதலில் கல்லூரியைத்தான் தேர்ந்தெடுத்தான் என்பதிலேயே அங்கே அந்த வழிக்கு இருக்கும் மதிப்பு புரியும். படிப்புச் செலவை உதவித்தொகை பார்த்துக்கொள்ளும், கையில் பட்டம் இருக்கும், முழங்கால் போனாலும் பிழைப்பு போகாது. எந்த அப்பா அம்மாவும் இதைத்தான் சொல்வார்கள். தப்பும் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 8 அணிகள் இரண்டு முறை மோதினால் லீக்கில் 14 ஆட்டம். அரையிறுதி, இறுதி சேர்த்தால் 16. அதோடு சில மாதங்களில் சீசன் முடிந்துவிடும். மீதி நாட்களில் பயிற்சி, பரீட்சை. எதிரில் நிற்பவனும் மாணவன்தான். 30 வயது தடுப்பாட்டக்காரன் முழங்கையால் இடித்துக் கற்றுக்கொடுக்கும் பாடம் 22 வயது வரை கிடைக்காது.

கயோசோவுக்கு அதற்கு மேல் ஒரு துரதிர்ஷ்டமும் சேர்ந்தது. கல்லூரியை முடித்துத் தொழில்முறை ஆட்டத்துக்குள் அவர் நுழைந்த வருடம் 2020. அந்த ஆண்டு நாட்டின் லீக்கான பி.எஃப்.எல். பெருந்தொற்றால் கவிதே மாகாணத்து கார்மோனாவில் ஒரே இடத்தில் அடைபட்டு நடந்தது. 6 அணிகள், ஆளுக்கு 5 ஆட்டம், அவ்வளவுதான். 2021 லீக் நடக்கவே இல்லை. ஒரு முன்கள வீரன் 23, 24 வயதில் இழந்ததை யாரும் திருப்பித் தர முடியாது. 2024இல் வியட்நாமுக்கு எதிராக அவர் போட்ட கோலைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தோடு கூடவே இந்த வருத்தமும் வந்தது.

இரண்டாவது, கல்லூரியில் நாலு வருடம் நிற்காமல் உள்ளூர் கிளப்பில் இறங்கி, கிடைத்த கதவு வழியாக வெளிநாடு போவது. ரேயஸ் கயாவிலிருந்து ஜெர்மனியின் எஃப்.சி. குட்டர்ஸ்லோவுக்குப் போனார். மீலே வாஷிங் மெஷின் கம்பெனியின் ஊர் என்றால் பலருக்குத் தெரியும், கால்பந்துக்கு அல்ல. அணி ஆடுவது நான்காம் அடுக்கு, ரீஜியனல்லீகா வெஸ்ட். 'நான்காம் டிவிஷனா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் சுளிக்க மாட்டேன். 18 அணிகள் என்றால் 34 ஆட்டம், கல்லூரி லீக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஷால்கே, கொலோன், மென்ஷன்கிளாட்பாக் போன்ற பெரிய கிளப்களின் இரண்டாம் அணிகள் அதே லீக்கில்தான் ஆடுகின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் எதிரணிப் பையனும் படுவான். மணிலாவில் எத்தனை கோல் போட்டாலும் அந்தக் கண்கள் அங்கே வராது.

இந்த வழியிலும் பள்ளம் இருக்கிறது. பி.எஃப்.எல். நிலையாக நிற்கும் லீக் அல்ல. 2017இல் தொடங்கியபோது 8 அணிகள், ஆளுக்கு 28 ஆட்டம். நல்ல எண்ணிக்கை. 2024இல் 15 அணிகள் வந்தன, ஆனால் ஒருமுறைதான் மோதினார்கள், ஆக 14 ஆட்டம். கிளப் கூடியும் எண்ணிக்கை பாதியானது. முதல் மூன்று வருடமும் பட்டம் வென்ற செரெஸ்-நெக்ரோஸ் கிளப்பே 2020இல் கைமாறிப் பெயர் மாறியது. அதனால் உள்ளூர் கிளப் என்றால் எந்த கிளப் என்பதுதான் கேள்வி. கயா மாதிரி ஆசியப் போட்டிகளுக்குப் போகும் கிளப் என்றால் சரி. 2023-24 ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஜப்பானின் யோகோஹாமா எஃப். மரினோஸ், கொரியாவின் இன்ச்சியான், சீனாவின் ஷாண்டோங் அணிகளோடு கயா ஒரே பிரிவில் இருந்தது. ஆறிலும் தோல்விதான், ஆனாலும் அந்த 6 ஆட்டம் ஒரு முழுக் கல்லூரி சீசனுக்குச் சமம் என்பேன்.

மூன்றாவது வழி பிறப்பிலேயே கிடைப்பது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து, பெற்றோரில் ஒருவர் வழியாக பிலிப்பைன்ஸுக்கு ஆடுகிறவர்கள். தேசிய அணிக்கு வெகுநாள் இருந்த செல்லப்பெயர் அஸ்கல்ஸ். தெருநாய் என்பதற்கான தகாலோக் சொல்லிலிருந்து வந்தது. பல ரத்தம் கலந்த, தெருவில் அடிபட்டுத் தேறிய அணி என்ற பெருமையோடு ரசிகர்கள் அதைச் சொன்னார்கள். 2024இல்தான் கைவிட்டார்கள்.

இந்த வழியில் வந்தவர்களுக்கு எல்லாம் சுலபம் என்று உள்ளூரில் ஒரு பேச்சு உண்டு. கோல்கீப்பர் நீல் எதரிட்ஜின் ஆரம்ப வருடங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. லண்டனில் பிறந்தவர், அம்மா பிலிப்பைன்ஸ்காரர். செல்ஸி இளையோர் அணியிலிருந்து 2006இல் ஃபுல்ஹாம் போனார், 2014 வரை இருந்தார். எட்டு வருடத்தில் முதல் அணிக்காக ஆடியது ஒரே ஒரு ஆட்டம், 2011 டிசம்பரில் ஒடென்ஸேவுக்கு எதிரான யூரோப்பா லீக் ஆட்டம். அவருக்கு முன்னால் முதல் கோல்கீப்பராக மார்க் ஷ்வார்சர் இருந்தார். முன்கள வீரனென்றால் கடைசிப் பத்து நிமிடமாவது இறக்குவார்கள். கோல்கீப்பரை அப்படி யாரும் இறக்க மாட்டார்கள். கையுறையைப் போட்டுச் சூடேற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கியதும் பெஞ்சில் போய் உட்கார வேண்டியதுதான். இப்படியே வாரா வாரம்.

அந்த வறட்சியில் அவருக்கு ஆட்டம் கொடுத்தது பிலிப்பைன்ஸ்தான். 2008இல் தேசிய அணியில் வந்தார். 2010 டிசம்பர் 5 அன்று ஹனோயில் நடப்புச் சாம்பியன் வியட்நாமை 2-0 என்று வீழ்த்தியபோது கம்பங்களுக்கு நடுவில் நின்றது அவர்தான். ஃபுல்ஹாம் விட்ட பிறகு கொஞ்ச காலம் கிளப்பே இல்லை. வால்சாலில்தான் வாராவாரம் ஆடினார், பிறகு கார்டிஃப். 2018 ஆகஸ்டில் பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் பிலிப்பைன்ஸ் வீரரானார். முதல் ஆட்டத்தில் போர்ன்மௌத்தின் கல்லம் வில்சன் அடித்த பெனால்டியைத் தடுத்தார், அடுத்த ஆட்டத்தில் நியூகாசிலின் கெனடி அடித்ததையும். அப்போது வயது 28. நல்ல கோச்சிங், நல்ல மைதானம் எல்லாம் இருந்தும் ஆட்டம் இல்லையென்றால் இவ்வளவு தாமதமாகும்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோவிலோ நெக்ரோஸிலோ பிறந்த பையன் 15 வயதில் இந்த வழிக்கு மாற நினைத்தாலும் முடியாது. 18 வயதுக்குக் கீழே நாடு விட்டு நாடு கிளப் மாறுவதை ஃபிஃபா சில விதிவிலக்குகளோடு தடுத்திருக்கிறது. குழந்தைகளை ஏஜெண்டுகள் கடத்திப்போய்த் தெருவில் விடுவதைத் தடுக்க வந்த நல்ல விதி. ஆனால் அதனால் 18 வரை உள்ளூரில் என்ன கிடைக்கிறதோ அதுதான். (நூறு வருடம் முன்பு இந்தத் தடை இல்லை. இலோய்லோவில் பிறந்த பவுலினோ அல்காந்தரா 1912இல் 15 வயதிலேயே பார்சிலோனாவுக்கு ஆடி முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டார். அவரும் 1920 ஒலிம்பிக்கை விட்டுவிட்டு மருத்துவப் பரீட்சை எழுதப் போனவர்தான்.)

ராணுவ வழி ஒன்றும் இருந்தது. இலோய்லோ மாகாணத்து பரோட்டாக் நுவெவோவின் சீஃபி கலிக்தோங் விமானப்படைச் சம்பளத்தில் ஆடி தேசிய அணியின் நட்சத்திரமானார். இன்றைய பையனுக்கு அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

ஆக, என் பக்கம் இதுதான். நடுக்கள, முன்கள ஆட்டக்காரன் என்றால், கயா போன்ற கிளப் கூப்பிட்டால் 18இல் போய்விட வேண்டும். பட்டத்தை 25இலும் படிக்கலாம். அப்படி ஒரு கிளப் கூப்பிடவில்லையென்றால் கல்லூரிக்குப் போகட்டும், ஆனால் இரண்டே வருடம் என்று முதல் நாளே மனதில் முடிவு செய்துகொள்ளட்டும். கோல்கீப்பருக்கு மட்டும் அவசரம் வேண்டாம். அவன் 22 வரை கல்லூரியில் தினமும் முதல் கீப்பராக நிற்பது, ஐரோப்பாவில் மூன்றாவது கீப்பராக உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

2024இல் பி.எஃப்.எல்.லுக்குள் வந்த 15 அணிகளில் துலோய் எஃப்.சி. என்று ஒன்று. முந்தின்லுபா நகரின் அலபாங்கில், தெருவோரச் சிறுவர்களுக்காக தொன் போஸ்கோ சபைப் பாதிரியார் ஒருவர் தொடங்கிய இல்லத்திலிருந்து வந்த அணி. அந்தப் பையன்களுக்கு வெளிநாட்டு பாஸ்போர்ட் கிடையாது, தேசிய வீரரான தாத்தா கிடையாது. இருப்பது அந்த வருடத்தின் 14 ஆட்டம் மட்டும். ஒவ்வொரு வாரமும் நான் முதலில் பார்ப்பது அவர்கள் ஸ்கோரைத்தான்.