பழைய காரில் ஆயில் கூலர் ஃபேன்: 7 வருட அனுபவம்

என்னுடையது 1960-களில் வந்த நான்கு சிலிண்டர் கார். ஓட்டத்தில் இருக்கும்போது ஆயில் சூடு 90 டிகிரியில் நிற்கும். நெரிசலில் மாட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் 120-ஐத் தொடும். ஆயில் பிரஷர் முள்ளும் கூடவே இறங்கும். கிரில்லுக்குப் பின்னால் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் இருந்தும், காற்று ஓடாதபோது அதனால் பெரிய பலன் இல்லை. அதனால் 7 வருடங்களுக்கு முன் அதில் 8 ஆம்பியர் இழுக்கும் ஒரு ஃபேனை மாட்டினேன். ஃபேன் இன்றும் அதேதான். வயரிங்கைத்தான் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன்.

முதல் தடவை செய்தது மிக எளிய வேலை. இக்னிஷனிலிருந்து ஒரு வயர், டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து நேராக ஃபேன். நன்றாகச் சுற்றியது. ஆனால் சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் ஓரிரு விநாடி ஓடத் தொடங்கியது. கார்புரேட்டரையும் டைமிங்கையும் சந்தேகப்பட்டே இரண்டு வாரம் போனது. ஒரு நாள் ஃபேன் ஸ்விட்சை முதலில் அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன்; எஞ்சின் உடனே நின்றது. விஷயம் இதுதான்: மின்சாரம் நின்றாலும் இறக்கை உடனே நிற்பதில்லை. அது சுழன்று அடங்கும்வரை மோட்டார் ஜெனரேட்டராக வேலை செய்கிறது. அந்த மின்சாரம் வந்த வழியே திரும்பி, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குப் போயிருக்கிறது. தவிர, இவ்வளவு பழைய இக்னிஷன் ஸ்விட்ச் வழியாக 8 ஆம்பியரை இழுத்ததே தவறு. தொட்டால் சுட்டது.

அப்புறம் ரிலே வைத்தேன்; சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் அது. அதன் கால்களில் 30, 87 பெரிய மின்சாரத்துக்கு; 85, 86 ரிலேயின் காயிலுக்கு. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து ஃபேனுக்கு, 86-க்கு இக்னிஷன், 85-லிருந்து ஆயில் லைனில் உள்ள தெர்மோ ஸ்விட்ச் (சூட்டைப் பொறுத்துத் தானே போட்டு அணைப்பது) வழியாக எர்த், அதாவது பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. இப்போது இக்னிஷன் பக்கம் போவது ரிலே காயிலுக்கான 0.2 ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம்தான். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், ஃப்யூஸ் 15 ஆம்பியர், அதுவும் பேட்டரியை ஒட்டியே. 10 ஆம்பியர் போட்டுப் பார்த்தேன். ஃபேன் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுப்பதால் அவ்வப்போது எரிந்துபோனது. ரிலேயின் கால்கள் கீழே பார்த்தபடி இருக்கட்டும், தண்ணீர் தங்காது.

ரேடியேட்டர் ஃபேன் போல, வண்டியை நிறுத்திய பிறகும் இது ஓடட்டுமே என்று பலர் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். எஞ்சின் நின்றால் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும். அதற்கப்புறம் ஃபேன் குளிர்விப்பது கூலருக்குள் தேங்கி நிற்கும் ஆயிலை மட்டும்தான். எஞ்சினுக்கு ஒரு பயனும் இல்லை, பேட்டரிதான் இறங்கும். தெர்மோ ஸ்விட்ச் 95-ல் போட்டு 85-ல் அணைக்கும் வகை. இதைவிடக் குறைவானதை நான் எடுக்க மாட்டேன். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகும்.

இரண்டாவது வருடக் கடைசியில் ஃபேன் சத்தம் மெலிந்தது. மோட்டார் போய்விட்டது என்றே நினைத்தேன். மல்டிமீட்டரில் பேட்டரி 12.4 வோல்ட் காட்டியது, ஃபேன் முனைகளில் 11.0. வயரில் போனது 0.3 மட்டும். மீதி 1.1 வோல்ட்டைத் தின்றது எர்த். பம்பர் பிராக்கெட் போல்ட்டில் எர்த் வயரின் லக்கை (முனையில் உள்ள உலோக வளையம்) வைத்து முறுக்கியிருந்தேன்; பெயின்ட்டுக்கு அடியில் துரு பரவிவிட்டது. 7 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இணைப்பிலேயே சுமார் 8 வாட் வெப்பம். போகும் வயருக்குக் காட்டிய அக்கறையில் பாதியைக்கூடத் திரும்பும் வயருக்கு நான் காட்டவில்லை. அதே 2.5 வயரில் எர்த்தை நேராக பேட்டரிக்கே கொண்டுபோனேன்.

டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கும் உண்டு. அதை முதலில் 87-லிருந்து எடுத்து, டேஷ்போர்டிலேயே எர்த் கொடுத்திருந்தேன். ஃபேனின் எர்த் மோசமாகிக்கொண்டிருந்த அந்த மாதங்கள் முழுக்க விளக்கு பளிச்சென்றே எரிந்தது. இப்போது அதன் இரண்டு வயரும் ஃபேனின் இரண்டு முனைகளிலிருந்தே வருகின்றன. மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தால்தான் விளக்கு எரியும். ஒரு வயர் கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது, பரவாயில்லை.

பாசிட்டிவ் எர்த் கார் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்தது) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்பு மாறினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். காற்று வருகிறதே என்று விட்டுவிடாமல், எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவது) வைத்த ரிலே என்றால் 85, 86-க்குப் போகும் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறவே கூடாது. மாறினால் டயோடு எரிந்துவிடும்.

வயரிங் அல்லாத ஒரு வருத்தமும் உண்டு. ஃபேனோடு வந்த பிளாஸ்டிக் டைகளைக் கூலரின் இதழ்களுக்குள் நுழைத்துத்தான் கட்டியிருந்தேன். மூன்றாவது வருடம் அதிர்விலேயே உராய்ந்து ஒரு குழாயில் ஆயில் கசிந்தது. நல்ல கூலர், மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது ஃபேன் தனி பிராக்கெட்டில், கூலரைத் தொடாமல் நிற்கிறது.

இன்னும் தீராதது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ. என்னுடையது நல்ல வேகத்தில்தான் 22 ஆம்பியர் தரும். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. இரவு நெரிசலில் ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்ந்து பேட்டரியைத்தான் குடிக்கின்றன. ஆல்டர்னேட்டர் போட்டால் தீரும், ஆனால் பழைய டைனமோவைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அதுவரை, அப்படிப்பட்ட நேரத்தில் ரிலே காயிலைத் துண்டிக்க ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே அதைப் பயன்படுத்துகிறேன்.

போன மாதம் லக்குகளைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி மறுபடியும் அளந்தேன். பேட்டரியில் 12.4, ஃபேனில் 11.9.