கண்ணாடி துடைக்க மைக்ரோஃபைபரா, ஹக் துண்டா? துவைத்துப் பார்த்தால் தெரியும்

அவிநாசி ரோட்டு அலுவலகங்கள், சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. வளாகங்கள், திருப்பூர், ஈரோடு துணிக்கடைகளின் முகப்பு என்று கொங்கு நாட்டில் கண்ணாடி ஏறிக்கொண்டே இருக்கிறது. அதைத் துடைக்கும் வேலை எடுப்பவர்கள் வைப்பரையும் ரப்பரையும் கம்பையும் தேடித் தேடி வாங்குகிறார்கள். துணி என்று வந்தால் மட்டும் "எதுவா இருந்தா என்ன" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேலை முடிந்த மறுநாள், வெயில் ஏறியதும் வாடிக்கையாளர் போன் போடுவது பெரும்பாலும் துணி செய்த கோளாறுக்காகத்தான். ஓரத்தில் கோடு, மூலையிலிருந்து வழிந்த தடம், நடுவில் பால் தெளித்த மாதிரி மங்கல்.

எங்கள் பங்குக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெளிக் கண்ணாடியின் ஓரத்துக்கும் மூலைக்கும் பருத்தி ஹக் துண்டு, அதாவது புடைப்பு நெசவில் வரும் ஆஸ்பத்திரித் துண்டு. உள்பக்கக் கண்ணாடிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் மைக்ரோஃபைபர். பனியன் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனியின் வெட்டுத் துணி, சட்டத்தையும் அடிக்கட்டையையும் தாண்டி மேலே வரக்கூடாது. மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹக் துண்டு.

துணிக்கு என்ன வேலை என்பதில் தெளிவு வேண்டும். அழுக்கை எடுப்பது சோப்புத் தண்ணீரும் அதைக் கண்ணாடியில் பூசித் தேய்க்கும் வாஷரும். தண்ணீரை இழுப்பது வைப்பர். துணிக்கு மிஞ்சுவது ரப்பர் தொடாமல் விட்ட ஓரத்து ஈரம், கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பீடிங் பட்டையின் இடுக்கிலிருந்து கசியும் சொட்டு, அடிக்கட்டையில் தேங்கும் தண்ணீர், இவ்வளவுதான். ஆகவே "நன்றாகச் சுத்தம் செய்யும்" துணி நமக்குத் தேவையில்லை. தண்ணீரை உடனே குடிக்க வேண்டும், குடித்த இடத்தில் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது. இந்த இரண்டுதான் அளவுகோல்.

செய்தித்தாளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வீட்டு ஜன்னலுக்குச் சரி, வெள்ளை யு.பி.வி.சி. பிளாஸ்டிக் சட்டத்தில் மை பட்டால் அதைத் தேய்த்து எடுப்பது தனி வேலை. ஷாமாய் தோல் தண்ணீரை அழகாக இழுக்கும். ஆனால் அது எண்ணெயில் பதப்படுத்திய தோல். சோப்புத் தண்ணீர் அந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டே இருப்பதால் காயும்போது அப்பளம் மாதிரி விறைக்கும். இங்கிலாந்தில் பழைய ஆட்கள் பயன்படுத்தும் ஸ்க்ரிம் என்ற லினன் துணி நல்ல துணிதான். இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும், நாங்களும் குறைவாகவே புழங்கியிருக்கிறோம் என்பதால் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

பனியன் வேஸ்ட்டைத் திருப்பூர்ப் பக்கத்தில் யாரும் தவிர்க்க முடியாது. கிலோக் கணக்கில் கிடைக்கிறது, பட்டறைக்கும் பிரஸ்ஸுக்கும் அதுதான் துடைப்புத் துணி. கண்ணாடிக்கு அது ஏன் தோற்கிறது என்றால், கட்டிங் டேபிளிலிருந்து வரும் துணிக்குப் பெரும்பாலும் ஃபினிஷிங்கில் சிலிக்கான் சாஃப்ட்னர் ஏறியிருக்கும். கைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும் அந்த மென்மைதான் கண்ணாடியில் படலமாக இறங்குகிறது. ஒரு மூட்டையில் முழுப் பருத்தி, பாலியெஸ்டர் கலந்தது, லைக்ரா கலந்தது எல்லாம் சேர்ந்தே வரும். வெட்டிய ஓரத்திலிருந்து பிசிறு கொட்டும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு துண்டை மேசையில் விரித்து விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு விழுந்த கணமே பரவி மறைந்தால் எடுக்கலாம். முத்து மாதிரி நின்று ஐந்து எண்ணும் வரை அசையாமல் இருந்தால் அது கண்ணாடிக்கு ஆகாது. இந்தச் சொட்டுச் சோதனை எல்லாத் துணிக்கும் பொருந்தும், பின்னால் மறுபடி வரும்.

மைக்ரோஃபைபர் சாதாரண எதிராளி இல்லை. பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த இழை, பொதுவாக 80க்கு 20 என்ற விகிதம். டெனியர் என்பது இழையின் பருமனைச் சொல்லும் அளவு; ஒவ்வொரு இழையும் ஒரு டெனியருக்கும் கீழே மெலிந்தது. அதையும் ஆரஞ்சுச் சுளை மாதிரி பிளந்திருப்பார்கள். அந்தப் பிளவுகள்தான் தண்ணீரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிடித்துக்கொள்கின்றன. கைரேகை, உதட்டுச் சாயம், ஏ.சி. அறையில் படியும் மெல்லிய பிசுக்கு இவற்றுக்கு இதற்கு மிஞ்சி எதுவும் இல்லை. வெறும் தண்ணீர் தெளித்தாலே போதும். வாங்கும்போது டர்க்கி டவல் மாதிரி முடி வைத்ததை எடுக்காதீர்கள், அது தூசி தட்ட. கண்ணாடிக்கு முடி இல்லாத வழவழப்பான ஸ்வேட் ரகமோ, மீன் செதில் மாதிரி நெய்ததோ, கட்டம் கட்டமாகப் பள்ளம் விழுந்த வாஃபிளோதான் சரி. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே கத்தரித்துவிடுங்கள், அது பிலிம் ஒட்டிய கண்ணாடியில் கீறும்.

இங்கே ஒரு உள்ளூர் ஆபத்தும் இருக்கிறது. கணபதி, பீளமேடு, அரசூர் வட்டாரத்தில் ஃபவுண்டரிகள் அதிகம். அந்த மணல் சிலிக்கா, கண்ணாடியைவிடக் கடினம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பல்லடம், உடுமலை வரைக்கும் புழுதி ஜன்னலில் வந்து உட்காரும். மைக்ரோஃபைபரின் பலமே பிடித்ததை விடாமல் இருப்பதுதான். ஒரு மணல் துகளைப் பிடித்துக்கொண்டால் அடுத்த பத்து கண்ணாடியிலும் அதைத் தேய்க்கும். பருத்தித் துண்டை உதறினால், அலசினால் துகள் விழுந்துவிடும். எந்தத் துணியானாலும் கண்ணாடியை முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் தொடக்கூடாது என்பது பொது விதி. அந்த விதி தவறும் நாளில் கீறல் விழும் வாய்ப்பு மைக்ரோஃபைபரில்தான் அதிகம்.

இப்போது ஹக் துண்டு. அமெரிக்காவில் ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்தும் துண்டு இது, 16க்கு 26 அங்குலம். ஆஸ்பத்திரியில் பலமுறை துவைத்துக் கழித்ததை அங்கே கண்ணாடி துடைப்பவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். நெசவின் பெயர் ஹக்கபேக். சாதா நெசவின் நடுவே சில இழைகள் பல இழைகளைத் தாண்டி மேலே மிதக்கும். கையால் தடவினால் அரிசி நொய் மாதிரி சின்னச் சின்னப் புடைப்பு தெரியும். மிதக்கும் இழை தண்ணீரைக் குடிக்கும், அடியில் இருக்கும் சாதா நெசவு துணியைத் தட்டையாக வைத்திருக்கும். அதனால் விரலில் சுற்றி ஓரத்தில் இழுக்கும்போது துணி சுருண்டு உள்ளே போய்த் துடைத்த கண்ணாடியைத் தொடுவதில்லை. பருத்திக்கு இன்னொரு குணம், ஈரமானால் இழையின் பலம் கூடும். பிழியப் பிழியத் தாங்குவது அதனால்தான்.

கரூரிலும் ஈரோட்டிலும் அடுக்களைத் துண்டு நெய்யும், சின்னச் சின்ன வடிவம் போடும் டாபி தறிகளில் இது நெய்யக்கூடியதே. ஏற்றுமதி மிச்சத்தில் அகப்பட்டால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று நூல். கழிவுப் பஞ்சில் நூற்ற ஓ.இ. (ஓபன் எண்ட்) நூல் மலிவு, ஆனால் குட்டை இழை நிறைந்தது, கண்ணாடியில் பிசிறு விட்டுக்கொண்டே இருக்கும். குட்டை இழையைச் சீவி நீக்கிய கோம்டு நூல் என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது ஓரம், நான்கு பக்கமும் மடித்துத் தைத்திருக்க வேண்டும். மூன்றாவது நிறம். வெள்ளை போதும், சாயத் துண்டு ஈரத்தில் வெள்ளைச் சட்டத்தைக் கறைப்படுத்தும்.

ஹக் கிடைக்காதவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு மாற்று உண்டு: நம் ஈரிழைத் துண்டு. புழங்கிப் பழசாகி, உடம்பு துவட்ட மெலிந்துபோன துண்டு கண்ணாடிக்குப் பக்குவமானது. குஞ்சத்தை வெட்டி மடித்துத் தைத்து, கலர் கரையை எடுத்துவிட்டு, நான்காக வெட்டிக்கொள்ளலாம். ஹக்கின் அளவு குடிக்காது, ஆனால் பனியன் வேஸ்ட்டோடு ஒப்பிடவே முடியாது.

புதுத் துண்டு எதுவும் அன்றைக்கே வேலைக்கு ஆகாது. பாவு நூல் தறி ஏறுமுன் சைசிங்கில் கஞ்சி குடித்து வருகிறது. அந்தக் கஞ்சி இருக்கும் வரை தண்ணீர் சொட்டு மேலேயே உருளும். "ஹக் துண்டு வாங்கினோம், தண்ணியையே இழுக்கலை" என்று குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போட்டு, பிறகு ஐந்தாறு தடவை துவைத்து, சொட்டுச் சோதனையில் தேறிய பிறகே பையில் வையுங்கள்.

இனி விலை, எடை, கைக்குப் பழகுவது எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி: துவைப்பு. துணி முதல் மாதம் எப்படித் துடைக்கிறது என்பது கேள்வியே இல்லை. ஆறாவது மாதம் எப்படி என்பதுதான் கேள்வி. நம் ஊரில் அதைத் தீர்மானிப்பது தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் மெத்தென்றது, சோப்பு நுரைக்கும், சுலபமாக அலசும். ஆனால் துணி துவைக்க நல்ல தண்ணி யார் விடுவார்கள்? போர் தண்ணீர்தான், அதாவது உப்புத்தண்ணி. அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்புக் கட்டியோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திப்பியாகின்றன. குளியலறை பக்கெட் விளிம்பில் படியும் அதே கசடு. துணிக்குள் அது போய் உட்கார்ந்தால், அடுத்த வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடிக்கு வரும். பால் மங்கல் என்று சொன்னோமே, அதற்குப் பெரிய காரணம் இதுதான்.

மைக்ரோஃபைபரின் பிளவுகள் இந்தக் கசடுக்கு வசதியான வீடு. வெளியேற்ற வழியும் குறைவு. கொதிக்க வைத்தால் இழை சுருங்கும், பிறகு துணி சொரசொரவென்று ஆகிவிடும். குளோரின் ப்ளீச் பாலியமைடை அரிக்கும். துணி மென்மையாக்கி ஊற்றினால் இழை மேல் பூச்சு ஏறிக் கதை முடிந்தது. பருத்தியோடு சேர்த்துத் துவைத்தால் பருத்திப் பிசிறு முழுவதையும் வாரிக்கொள்ளும். ஆக, தனியாக, வெதுவெதுப்பில், திரவ டிடர்ஜென்ட் கொஞ்சமாக, மென்மையாக்கி இல்லாமல், நிழலில் காயவைத்து என்று பத்தியம் பார்க்க வேண்டும். ஒரு ஆள் சொந்தமாகச் செய்தால் முடியும். நான்கைந்து பேர் வேலை பார்க்கும் இடத்தில், சாயங்காலம் எல்லாத் துணியும் ஒரே பக்கெட்டில் விழும் இடத்தில், இந்தப் பத்தியம் ஒரு வாரம் தாங்காது.

பருத்திக்கு அந்தக் காலத்து வெள்ளாவிக் கணக்கே போதும். பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டுக் கரைத்து, துண்டுகளை முக்கி, இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள். சோடா தண்ணீரில் உள்ள கால்சியத்தை முதலில் பிடித்துக்கொள்ளும், அதனால் சோப்புத் திப்பியாவது குறையும். பிறகு டிடர்ஜென்டில் துவைத்து மூன்று முறை அலச வேண்டும். மூன்றாவது அலசலில் பத்து லிட்டருக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர். துணியில் தங்கிய சுண்ணாம்புப் படிவு அதில் கரையும், சோடாவின் காரமும் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சூடான சோடா தண்ணீர் தோலை அரிக்கும். நல்ல வெயிலில் உதறிக் காயப்போட்டால் மறுநாள் துண்டு புதுசுக்குச் சமம். இவ்வளவு முரட்டுத்தனத்தை மாதம் இரண்டு முறை தாங்கும் என்பதே ஹக் துண்டு எங்கள் கணக்கில் ஜெயிக்கக் காரணம்.

இது எல்லாருக்கும் பொருந்தாது. வீட்டில் மெத்துத் தண்ணீரும் தனியே ஓட்ட வாஷிங் மெஷினும் இருந்து, வேலையும் பெரும்பாலும் உள்பக்கம் என்றால் மைக்ரோஃபைபரே லாபம். எடை குறைவு, சீக்கிரம் காயும். பருத்தியின் பலவீனம் அதில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் துண்டு காய இரண்டு நாள் ஆகும். ஈரத்தோடு பக்கெட்டில் ஒரு இரவு கிடந்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், அந்த வாடை கடைக்காரர் மூக்குக்கு முதலில் எட்டும். மழைக் காலத்துக்கு ஒரு செட் கூடுதலாக வைத்துக்கொள்வதைத் தவிர வழி தெரியவில்லை.

எண்ணிக்கை என்று கேட்டால், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஹக் துண்டு. துண்டை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் திருப்பித் திருப்பி எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் நனைந்து கனத்ததும் அடுத்ததுக்கு மாறுங்கள். இடுப்பில் எப்போதும் இரண்டு துண்டு: ஒன்று அடிக்கட்டைக்கு, ஒன்று ஓரத்துக்கு. இரண்டும் மாறக்கூடாது, அடிக்கட்டைத் துண்டின் ஒரு மூலையில் சிவப்பு நூலில் தையல் போட்டுவிட்டால் குழப்பம் வராது. ஓரத்துத் துண்டு முழுக்கக் காய்ந்ததாக இருப்பதைவிட லேசான பதம் இருப்பது நல்லது. எலும்பாகக் காய்ந்த பருத்தி முதல் சொட்டைத் தள்ளிக்கொண்டு போகும், பதமானது உடனே இழுக்கும். ஆள்காட்டி விரலில் துண்டை இறுக்கி, மேல் ஓரத்தை முதலில், பிறகு இரண்டு பக்கம், கடைசியில் கீழ் ஓரம் என்று நிற்காமல் ஒரே இழுப்பாக இழுத்து வாருங்கள். நடுவில் நின்றால் நின்ற இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு திட்டு விழும். பீடிங்கிலிருந்து ஒரு சொட்டு இறங்கிவிட்டால் அதைத் தேய்க்காமல், துண்டின் காய்ந்த முகத்தால் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஒரு துண்டை எப்போது ஓரத்திலிருந்து அடிக்கட்டைக்கு இறக்குவது என்பதையும் அதே சொட்டு சொல்லிவிடும். கொதிக்க வைத்துக் காய்ந்த பிறகும் சொட்டு உடனே மறையாவிட்டால், அல்லது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவு விலகித் தெரிந்தால், மூலையில் சிவப்புத் தையல் போட்டுவிடுங்கள்.