கழிவுநீர்க் குழாய்க்கு நான்-ரிட்டர்ன் வால்வு: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

எங்கள் வீடு வேலூர் கன்சால்பேட்டையில். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது எல்லாரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் எங்களுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் தரையின் வடிகால் ஜாலியைத் தள்ளிக்கொண்டு குபுகுபுவென்று பொங்கியது. அம்மாவின் கட்டில் கால் நனைகிற அளவு சாக்கடை.

அப்புறம்தான் 110 மி.மீ. பிவிசி வால்வு ஒன்று வாங்கினேன். உள்ளே ஒரு மடல். வீட்டுத் தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும். தெருச் சாக்கடை எதிர்த்து வந்தால் அந்த அழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும். கரண்ட் வேண்டாம். முதலில் வந்த பிளம்பர் அம்புக்குறியைப் பார்க்காமல் தலைகீழாக மாட்டிவிட்டார், ஒரு நாள் முழுக்க அவதி. அம்புக்குறி தெருப் பக்கம் பார்க்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள்.

போன ஐப்பசி அடைமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர், குளியலறை காய்ந்தே கிடந்தது. அம்மா இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தார்.

மடல் மூடியிருக்கும்போது நம் வீட்டுத் தண்ணீரும் போகாது. அந்த நேரம் வாஷிங் மெஷின் போடாதீர்கள். புரட்டாசியிலேயே வால்வின் மூடியைத் திருகித் திறந்து, மடலில் சிக்கிய முடியை எடுத்துவிடுங்கள். ஒரு முடிக் கற்றை போதும், மடல் சரியாக மூடாது. எங்கள் தெருவில் இப்போது ஏழு வீட்டில் இருக்கிறது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாரும் சுத்தம் செய்கிறோம். மாவட்டப் பேரிடர் எண் 1077-ஐ முனைச் சுவரில் பெயிண்டில் எழுதிவைத்தோம்.

ஒரு குறை: உள்ளே உள்ள ரப்பர் வளையம் தனியாக எங்கே கேட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. வாங்கும்போதே கூடுதலாக ஒன்று கேட்டு வாங்குங்கள்.