நடையை வச்சு போதையைக் கண்டுபுடிக்கிற ஆப்: ஒரு மாசம் ஓட்டிப் பாத்துட்டேன்

நமக்கு மன்னார்குடி பக்கம். ரெண்டு டாட்டா ஏஸ், ஒரு டிராக்டர் வச்சிருக்கேன், அறுப்பு சீசன்ல கொள்முதல் நிலையத்துக்கு நெல்லு அடிக்கிறது, மத்த நாள்ல சிமெண்டு, பந்தல் சாமான்னு எது வந்தாலும். ஓட்டுற பயலுவோ நல்ல பயலுவோதான் ஆனா ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரைப் போட்டுட்டு விடியகாலம் நாலு மணிக்கு "அண்ணே நான் கிளியரா இருக்கேன்"னு வந்து சாவி கேப்பானுவோ. இவன் கிளியரா இல்லையான்னு நான் எப்படி பாக்குறது, மூஞ்சைப் பாத்தா தூக்கக் கலக்கமும் அதுவும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்பதான் மச்சான் ஒருத்தர் இந்த ஆப்பைக் காட்டினாரு. போனை இடுப்புல வச்சிக்கிட்டு நடந்தா போதையில இருக்கியா இல்லையான்னு சொல்லிருமாம். பேரை போடல, தேடினா இது மாதிரி நாலஞ்சு வரும்.

மொதல்ல நானும் சிரிச்சேன். ஆனா ஐடியா சும்மா கெளப்பி விட்டது இல்லீங்க. 2020ல பிரையன் சஃபொலெட்டோன்னு ஒரு அமெரிக்க டாக்டரும் அவர் டீமும் 22 பேருக்கு வோட்கா கலந்து குடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கச் சொல்லி, அப்பறம் ஏழு மணி நேரம், மணிக்கு ஒரு தடவ ஊதவும் வச்சு நடக்கவும் வச்சு பாத்திருக்காங்க. நேரா பத்து எட்டு வச்சு, திரும்பி பத்து எட்டு வச்சு நடக்கணும், அவ்ளோதான். போனு முதுகுக்குக் கீழ எலாஸ்டிக் பெல்ட்ல. போனைத் திருப்புனா ஸ்கிரீனும் கூடவே திரும்புதுல்ல, அதுக்கு உள்ள இருக்குற அதே சென்சார்தான், ஒடம்பு முன்னாடி பின்னாடி, பக்கவாட்டுல, மேல கீழ எவ்ளோ ஆடுதுன்னு புடிச்சிரும். சாராயம் சிறுமூளையைப் புடிச்சா பேலன்ஸ் போவும், எட்டு ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு விழும், அதை அது கணக்குல கண்டுபுடிக்குது. 90 சதவீதம் கரெக்டா சொல்லிச்சாம்.

சரின்னு எறக்கினேன். தெளிவா நடந்தா பச்சை, போதைன்னா செவப்பு காட்டும். மொத தலைவலியே போனை எங்க கட்டுறதுங்குறது. நம்ம ஆளுவோ பாதிப் பேரு கைலி. மடியில சொருவினா நாலாவது எட்டுல போனு கீழ, சட்டைப் பையில போட்டா அது ஊஞ்சல் மாதிரி தனியா ஆடுது, பச்சத் தண்ணி குடிச்சவனுக்கே செவப்பு காட்டுது. கடைசில பெரியப்பா துண்டை எடுத்து முதுகுக்குப் பின்னாடி போனை வச்சு இறுக்கிக் கட்டினோம். அதுக்கப்பறம் ஒழுங்கா காட்டிச்சு. பாக்குறவனுக்கு ஏதோ வேண்டுதல் மாதிரி இருக்கும், விடுங்க.

எடமும் முக்கியம். சிமெண்டு களத்துல நடந்தா சூப்பர். வரப்புல நடந்தா வேலைக்கு ஆவாது, ஏன்னா வரப்புல யாரும் நேரா நடக்குறதில்ல, காலை முன்னாடி முன்னாடி வச்சு இடுப்பை வளைச்சுதான் போவோம், ஆப்பு அதைப் பாத்துட்டு "போதை அதிகம்"னு காட்டுது, ஆளு காலையில சாப்புட்டது பழைய சோறு மட்டும். செருப்பு வாரு அறுந்தவன், மூட்டு வலிக்காரன், சேத்துலேர்ந்து அப்புடியே ஏறி வந்தவன் எல்லாரும் இதுக்கு குடிகாரன்தான்.

இதுல சொந்த நடையை மொதல்ல பதிஞ்சு வைக்கணும், அதோட ஒப்பிட்டுத்தான் சொல்லும். அது நல்ல விஷயம், ஆளுக்கு ஆள் நடை வேறல்ல. ஆனா எங்க மாமா ஒருத்தரு, டிராக்டர் ஓட்டுறவரு, "தெளிவான நடை"ன்னு பதியும்போதே உள்ள ஒரு கட்டிங் இருந்திருக்கு, அது எங்களுக்குத் தெரியல. ஒரு வாரமா அவருக்குப் பச்சையாவே வந்துட்டு இருந்திச்சு, நாங்களும் மாமா திருந்திட்டாருன்னு நெனச்சிட்டு இருந்தோம். ஒரு நாள் நெசமாவே குடிக்காம வந்து நடந்தாரு பாருங்க, "வழக்கத்துக்கு மாறான நடை"ன்னு செவப்பு! களமே சிரிச்சிச்சு.

இதெல்லாம் சில்லறைப் பிரச்சனை, பொறுத்துக்கலாம். என்னால ஒத்துக்க முடியாதது வேற. அந்த 90 சதவீதம்ங்குறது, ரத்தத்துல சாராயம் 0.08 சதவீதத்துக்கு மேல இருக்கா இல்லையாங்குற கேள்விக்கு. அது அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலத்துல வண்டி ஓட்டுறதுக்கு வச்சிருக்குற அளவு. இந்த ஆப்பும் 0.08லதான் கோடு போட்டு வச்சிருக்கு, செட்டிங்ஸ்ல போயி மாத்தவும் விடல. நம்மூரு சட்டத்துல 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம், அதாவது 0.03. தாண்டினா மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு, மொத தடவையே 10,000 ரூபா ஃபைனு, ஆறு மாசம் வரைக்கும் உள்ள போறதும் உண்டு, ரெண்டும் சேந்தும் வரலாம்.

இப்ப நம்ம பயலுவோ கணக்கைப் போடுங்க. 65 கிலோ ஆளு ராத்திரி பத்து மணிக்கு 180 மில்லி குவார்ட்டர் முழுசா போட்டா குத்துமதிப்பா 0.13, 0.14 கிட்ட ஏறும், ஒடம்பு மணிக்கு 0.015 மாதிரிதான் எறக்கும், மோரு குடிச்சாலும் தலைக்கு ஊத்தினாலும் அது வேகமா எறங்காது. நாலு மணிக்கு 0.05 பக்கம் நிப்பான். அதாவது ஆப்புக்குப் பச்சை, பைபாஸ்ல நிக்கிற போலீஸுக்கு செவப்பு. எனக்கு ஆப்பு தேவைப்படுறதே அந்த நாலு மணிக்குத்தான், அந்த நேரத்துலதான் இது கைய விரிக்குது.

சந்தேகத்துக்கு ஊதுற மெஷின் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கி ரெண்டையும் சேத்துப் பாத்தேன். மலிவு மெஷின்தான், போலீஸ் வச்சிருக்குற, துல்லியமா அளக்குற ஃபியூவல் செல் டைப்பு இல்ல, அதனால முழுசா நம்பல, குடிச்ச ஒடனே ஊதினா வாயில இருக்குறதை வச்சு கன்னாபின்னான்னு ஏத்திக் காட்டும், கால் மணி நேரம் கழிச்சுத்தான் ஊதணும். ஆனாலும் மூணு நாள் விடியகாலம் ஆப்பு பச்சை காட்டின பையனுக்கு மெஷின் 0.04, 0.05னு காட்டிச்சு. பய நல்லாத்தான் நடந்தான், பேச்சும் தெளிவு. நடை சரியாயிருச்சு, ரத்தம் சரியாவல. சாவியைக் குடுக்கல, மூஞ்சைத் தூக்கி வச்சிக்கிட்டான். அன்னைக்கு லோடை நானே எடுத்துட்டுப் போனேன்.

ராத்திரி கெடா வெட்டு, கல்யாண வீடுன்னா ஆப்பு உருப்படியா இருக்கு, ஒத்துக்கணும். "நான் ஸ்டெடி மாப்ள"ன்னு பைக் சாவியைப் புடுங்குறவனை களத்துல இருபது எட்டு நடக்க விட்டா, திரும்புற எடத்துலயே செவப்பு வந்துரும், வாக்குவாதம் இல்ல, போனே சொல்லிருச்சுன்னு சாவியை வாங்கி வச்சிக்கலாம். அதுக்காக மாசம் 149 ரூபா கட்டணுமான்னா வேணாம், ஃப்ரீயா குடுக்குற ஏழு நாளு போதும்.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். அந்த 0.08 கோட்டை 0.03க்கு எறக்க ஒரு ஆப்ஷன் வச்சா இன்னொண்ணு போடுறேன். தமிழ்ல குரல் வருது, அது நல்லா இருக்கு, பொம்பள புள்ள குரல்ல "தயவுசெய்து வாகனம் ஓட்ட வேண்டாம்"னு சொல்லும், மாமா அதுக்கு மட்டும் "சரிம்மா"ங்குறாரு.