வாடி ரம் மணலும் சுங்கை சிப்புட் ஈரமும்: கார்பன் டிரைபாட், நான்கு ஆண்டுக்குப் பிறகு

பாலைவனம் டிரைபாடை, அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலியைக் கெடுப்பதில்லை. மணலோடு அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் சாத்தி வைப்பதுதான் கெடுக்கிறது. அதுவும் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி, சுற்றிலும் செம்பனையும் பால்மரமும், பொழுது சாய்ந்தால் மழையுமாக இருக்கும் ஊரில்.

டிரைபாட் 1.6 கிலோ, காலுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு பகுதி, நீட்டிய பகுதியைப் பூட்டி நிறுத்தத் திருகும் லாக். ஜோர்தானின் வாடி ரம்முக்கு இரண்டு முறையும், கசகஸ்தானின் சாரின் பள்ளத்தாக்குக்கு ஒரு முறையும் போய் வந்திருக்கிறது. கார்பன் குழாயில் கீறல்கள் மட்டும்தான். தொல்லையெல்லாம் லாக்கில்.

வாடி ரம்மின் சிவப்பு மணல் அவ்வளவு நைசு. லாக்கைத் திருகும்போது கரகரவென்றால் மரைக்குள் மணல் புகுந்துவிட்டது. அப்போது பலங்கொண்டு இறுக்கினால் மரை தேயும். பிறகு கேமரா எடைக்கே கால் மெல்ல இறங்கும், படம் கலங்கும். அதனால் கால் நீட்டும்போது கடைசிப் பகுதியை முதலில் ஒரு சாண் இழுத்துப் பூட்டுங்கள், மிச்ச உயரத்தை மேல் பகுதிகளில் எடுங்கள். அடி லாக் மணலுக்கு மேலேயே நிற்கும். கால்களை முழுக்க விரித்துவிட்டு மணலில் அழுத்தவும் கூடாது. புதையும் கால் இன்னும் வெளியே போகப் பார்க்கும். உடைவது மேலே உள்ள கீல். கொஞ்சம் குறைத்து விரித்து அழுத்தினால் போதும்.

வாடி ரம்மில் உள்ள கஸ்அலி மாதிரி ஒடுங்கிய பாறைப் பிளவில் டிரைபாட் இல்லாமல் வேலை ஆகாது. மேல்சுவர் வெயிலில் பளிச்சென்று இருக்கும், அடி இருட்டு. ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஒளியளவை இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) இடைவெளியில் மாற்றி மூன்று படம், பிறகு ஒன்றாகச் சேர்க்க. வைட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் பாறையில் பட்டுத் திரும்பும் அந்தச் செம்மஞ்சள் ஒளியைக் கேமரா 'திருத்தி' வெளுக்கவைத்துவிடும், டேலைட்டில் வையுங்கள். லென்ஸ் மாற்றும் வேலை அங்கே வேண்டாம்.

வீடு திரும்பிய வாரத்திலேயே கழுவ வேண்டும். லாக்கை முழுக்கக் கழற்றி உள்குழாயை உருவினால், அதன் மேல்முனையில் பிறை வடிவப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். துண்டின் குமிழ் குழாயின் துளையில் உட்காரும். எது எந்தப் பக்கம் என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பிரியுங்கள், துண்டுகள் கலந்தால் அரை நாள் போய்விடும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், பழைய பல்துலக்கி. நம் ஊரில் ஓர் இரவு காயவிட்டால் போதாது; மின்விசிறிக்கு எதிரே இரண்டு நாள். பிறகு மரையில் மட்டும் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் லித்தியம் கிரீஸ், பச்சரிசி அளவு. துருநீக்கி ஸ்பிரே அடிக்காதீர்கள், இருக்கிற கிரீஸையும் அது கரைத்துவிடும்.

லென்ஸுக்குக் கதை வேறு. பாலைவனத்தில் தலைகாட்டாத பூஞ்சை இங்கே வரும். உலர்பெட்டியை 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் சரி. பெட்டி வாங்க முடியாதவர்கள் ரப்பர் விளிம்புள்ள சாப்பாட்டு டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி வைத்துச் சமாளிக்கலாம். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் காயவைக்கும் நேரம். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள்.

மறுபடி வாங்குவதானால் திருகாமல் நெம்பி மூடும் கிளிப் லாக் உள்ளதைத்தான் எடுப்பேன். பையில் இடத்தை அடைக்கும், அதன் திருகையும் அவ்வப்போது முடுக்க வேண்டும். ஆனால் மணல் எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.